சுருதியை இறக்கியது யார்?

கேள்வி: என் மகள் ஐந்தரைக் கட்டையில் பாடுவாள். மேக் லேப்டாப்பில், மைக்கை இணைக்கும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் மாட்டிப் பதிவு செய்துகொண்டிருந்தோம். நடுவில் அவள் சித்தி வீடியோ காலில் வந்தாள். பதிவை நிறுத்தாமலே பேசிவிட்டு, அப்புறம் கல்யாணி ராகம் பாடினாள். போட்டுக் கேட்டால் கால் வந்த இடத்திலிருந்து எல்லாமே சுருதி இறங்கியிருக்கிறது, தம்பூரா உட்பட! கடிகாரப்படி பத்து நிமிடம் பாடியது ஃபைலில் 10 நிமிடம் 53 விநாடி. இன்டர்ஃபேஸை இயக்கும் டிரைவர் மென்பொருளின் கோளாறா? பதிவு போனது போனதுதானா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: போகவில்லை, கவலைப்படாதீர்கள். நீங்கள் கடிகாரம் பார்த்து வைத்ததால் திருடன் உடனே அகப்பட்டான். 653 விநாடியை 600 ஆல் வகுத்தால் 1.088. 48,000ஐ 44,100 ஆல் வகுத்தாலும் அதேதான். பதிவுச் செயலி விநாடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியை அளந்து எழுதும் எண்) என்று தொடங்கியிருக்கிறது. வீடியோ கால் செயலி வந்து இன்டர்ஃபேஸை 48,000க்கு மாற்றிவிட்டது. சாம்பிள்கள் வேகமாக வந்து குவிய, பதிவுச் செயலியோ பழைய கணக்கிலேயே எழுதித் தள்ளியது. குழந்தையின் ஐந்தரைக் கட்டை, நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவில் எங்கோ போய் நின்றது.

மேக்கில் ஒரு சாதனத்துக்கு ஒரு நேரத்தில் ஒரே சாம்பிள் ரேட்தான், அதாவது விநாடிக்கு எத்தனை சாம்பிள் என்ற கணக்கு. அதை எந்தச் செயலியும் மாற்றலாம். மாற்றம் மற்ற எல்லோரையும் பாதிக்கும். கூட்டுக்குடும்பத்து ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி.

டிரைவர் எழுதிப் பிழைத்தவன் என்பதால் சொல்கிறேன், ரேட்டை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. பல இன்டர்ஃபேஸ்களுக்குள் சீராகத் துடித்துக் கடிகாரமாக (கிளாக்) வேலை செய்யும் இரண்டு படிகங்கள் இருக்கும்: ஒன்று 22.5792 மெகாஹெர்ட்ஸ், மற்றது 24.576. இரண்டையும் 512 ஆல் வகுத்துப் பாருங்கள், விநாடிக்கு 44,100, 48,000 என்று வரும். ஒன்றை விட்டு மற்றதற்குத் தாவ வேண்டும், அவ்வளவுதான். என் முதல் டிரைவரில் ஒலியோட்டத்தை நிறுத்தாமலே தாவினேன். பஃபரில் (சாம்பிள்கள் தம் முறைக்குக் காத்திருக்கும் இடம்) மிச்சமிருந்த பழைய சாம்பிள்கள் புது வேகத்தில் ஓட, ஸ்பீக்கரிலிருந்து 'டப்'பென்று ஒரு சத்தம். பக்கத்து மேஜைக்காரர் காபியைக் கொட்டிக்கொண்டார். முதலில் ஒலியை அடக்கி, ஓட்டத்தை நிறுத்தி, பஃபரைக் காலி செய்து, கிளாக் நிலைபெறும்வரை காத்திருந்து, பிறகுதான் ஓடவிட வேண்டும் என்று அன்று கற்றேன்.

மேக்கில் இதற்கு ஒழுங்கான முறையே இருக்கிறது. டிரைவர் 'மாற்றப் போகிறேன்' என்று சிஸ்டத்திடம் விண்ணப்பிக்கும். சிஸ்டம் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, 'இப்போது மாற்று' என்று கூப்பிடும். புது ரேட் பற்றிய அறிவிப்பு, கேட்கக் காத்திருக்கும் செயலிகளுக்குப் போகும். உங்கள் வீட்டில் ஒன்று டிரைவர் அறிவிக்கவில்லை, அல்லது பதிவுச் செயலி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் செயலியைத்தான் சந்தேகிப்பேன். டிரைவர்காரன் என்பதால் ஓரவஞ்சனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்பது சுலபம். சாம்பிள்கள் பழுதாகவில்லை, அவற்றின் மேல் ஒட்டிய '44,100' என்ற சீட்டுதான் தப்பு. ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்புச் செயலியில் ஃபைலைத் திறந்து, இறங்கிய பகுதியைத் தனி டிராக்காகப் பிரியுங்கள். அந்த டிராக்கின் மெனுவில் 'ரேட்' என்பதை 48,000 ஆக்குங்கள். சுருதியை ஏற்றும் எஃபெக்ட் எதையும் தொடாதீர்கள். அது குரலைப் பிசையும். இனிமேல் பதிவுக்கு முன் மேக்கிலேயே இருக்கும் 'ஆடியோ மிடி செட்டப்' செயலியைத் திறந்து ரேட்டைப் பாருங்கள். சித்தியைப் போனில் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: 44,100 என்று ஏன் இப்படி ஒரு முரட்டு எண்? 44,000 என்று வைத்திருக்கக் கூடாதா?
(வாசகர், மதுரை)

பதில்: வீடியோ டேப் செய்த வேலை. ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள். வீடியோ படத்தின் ஒரு வரிக்கு 3 சாம்பிள், ஒரு ஃபீல்டுக்கு (ஒரு படத்தின் பாதி) பயன்படும் வரிகள் 245, விநாடிக்கு 60 ஃபீல்டு. பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 294 வரி, 50 ஃபீல்டு; அங்கேயும் அதே விடை. சிடி வந்தபோது அந்த எண்ணையே வைத்துக்கொண்டார்கள்.