ஃபயர்வால் பெட்டி நலமாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி கேட்டவர், தம் அலுவலகத்து ஃபயர்வால் (அலுவலக நெட்வொர்க்குக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று போக்குவரத்தை வடிகட்டும் பெட்டி) மூன்று ஆண்டுகளாக நிற்காமல் ஓடுகிறது, முன்பக்கம் பச்சை விளக்கும் எரிகிறது, இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும் என்கிறார். மின்சாரம் வருகிறது, மென்பொருள் எழுந்து நிற்கிறது என்பதற்குத்தான் அந்தப் பச்சை விளக்கு சாட்சி. நினைவகம் மெல்ல நிரம்புவதையும் கேபிள் செருகும் ஒரு போர்ட்டில் பிழைகள் சேர்வதையும் அது காட்டிக்கொடுக்காது.

சில ஆண்டுகள் நான் ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தேன். ஏப்ரல் மாதத்தில் தினமும் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் தலைமை அலுவலகத்துக்கான விபிஎன் இணைப்பு (இணையத்தின் வழியே போகும் மறையாக்கப்பட்ட தனி இணைப்பு) அடிக்கடி அறுந்துபோகும். இரவுப் பணி நேரத்தில் ஒரு குறையும் இருக்காது. இணையச் சேவை நிறுவனத்திடம் பத்து நாள் புகார் சொன்னோம். அவர்கள் பக்கம் எல்லாம் சரியாகவே இருந்தது. ஒருநாள் வேறு வேலையாக சர்வர் அறைக்கு வந்த மூத்த எலக்ட்ரீஷியன் ரேக்கின் பின்னால் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதிலிருந்து காற்றே வரவில்லையே” என்றார். சட்டைப்பையில் இருந்த பில் தாளில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, முதலில் நெட்வொர்க் சுவிட்சின் பின்னால் பிடித்தார், தாள் படபடத்தது. ஃபயர்வாலின் பின்னால் பிடித்தார். தாள் அசையாமல் தொங்கியது.

பெட்டியை நிறுத்திக் கழற்றினோம். காற்று உள்ளே போகும் துளைகளின் மேல் பஞ்சுத் தூசி கம்பளித் துணிபோலப் படிந்திருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் ஒரே துண்டாக உரிந்து வந்தது. அன்று காலை 84 டிகிரி காட்டிய சிபியு, சுத்தம் செய்து மாட்டிய பிறகு 57-க்கு இறங்கியது. அந்தக் கோடை முழுவதும் விபிஎன் ஒருமுறைகூட அறுந்து போகவில்லை.

அதனால் நான் எங்கே போனாலும் திரையைப் பார்ப்பதற்கு முன் பெட்டியைத்தான் பார்ப்பேன். பின்னால் காற்று வருகிறதா, மின்விசிறியின் சத்தத்தில் கரகரப்பு இருக்கிறதா, முன்பக்கத்துக் காற்று எத்தனை டிகிரி என்பவை முதலில். ஏசி ரிமோட்டில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். பெட்டியின் முன்னால் ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள். 18 முதல் 27 டிகிரி வரை இருந்தால் நல்லது. இத்தகைய பெட்டிகள் பலவற்றுக்கு 40 டிகிரிதான் மேல் எல்லை. தூசி தட்டும்போது தொழிற்சாலைக் கம்ப்ரஸர் காற்றைப் பயன்படுத்தவே பயன்படுத்தாதீர்கள். அதில் ஈரமும் எண்ணெயும் கலந்து வரும். பெட்டியை நிறுத்தி, மென்மையான தூரிகையால் தட்டுங்கள். சிறிய ஊதுகருவி வைத்திருந்தால் விசிறி இறக்கையைச் சுழலவிடாமல் பிடித்துக்கொண்டு ஊதுங்கள்.

பிறகு உணரிகள். ஃபயர்வால் வகைகளில், ஃபோர்ட்டிகேட்டில் ‘எக்ஸிக்யூட் சென்சார் லிஸ்ட்’, பாலோ ஆல்டோவில் ‘ஷோ சிஸ்டம் என்விரான்மென்டல்ஸ்’, சிஸ்கோ ஏஎஸ்ஏவில் ‘ஷோ என்விரான்மென்ட்’ என்ற கட்டளைகள் வெப்பம், விசிறியின் வேகம், மின்னழுத்தம் ஆகியவற்றைச் சொல்லும். மேசைமேல் வைக்கும் சிறிய மாடல்கள் சிலவற்றில் இந்த உணரிகள் குறைவு; அங்கே கையும் தாளும்தான். இரண்டு பவர் சப்ளை உள்ள பெட்டி என்றால் இரண்டு கம்பிகளும் எங்கே போகின்றன என்று கடைசிவரை தொடர்ந்து பாருங்கள். இரண்டும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகியிருப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அந்த யுபிஎஸ் படுத்துவிட்டால் இரண்டாவது பவர் சப்ளை இருந்தும் பயனில்லை.

சிபியு கணக்கில் ஏமாற வாய்ப்பு அதிகம். எட்டு கோர் (சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ள பெட்டியில் ஒரு கோர் மட்டும் நூறு விழுக்காட்டில் திணறினால், சராசரி 12.5 என்றுதான் தெரியும். அந்தக் கோரின் வழியாகப் போகிறவருக்கு மட்டும் இணையம் ஊரும். மற்றவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார்கள். ஆகவே கோர்வாரியாகப் பாருங்கள். பாலோ ஆல்டோ போன்றவற்றில் நிர்வாகப் பகுதியும் போக்குவரத்தைக் கையாளும் பகுதியும் தனித்தனி. உலாவியில் நிர்வாகப் பக்கம் மெதுவாகத் திறப்பதை வைத்துப் போக்குவரத்தும் மெதுவாகிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

நினைவகத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஃபோர்ட்டிகேட்டில் நினைவகப் பயன்பாடு 88 விழுக்காட்டைத் தொட்டால் அது ‘கன்சர்வ் மோட்’ என்ற சிக்கன நிலைக்குப் போகும். அந்த நிலையில் கான்ஃபிகரேஷன் (அமைப்பு விவரங்கள்) மாற்றங்களை ஏற்காது. 95-ஐத் தொட்டால் புதிய செஷன்களை, அதாவது பெட்டி வழியாகத் தொடங்கும் புதிய இணைப்புகளை, நிராகரிக்கும். 82-க்குக் கீழே இறங்கினால்தான் வழக்க நிலைக்குத் திரும்பும். (இவை தொடக்க மதிப்புகள், மாற்றியும் வைக்கலாம்.) ஒருநாள் 70 விழுக்காடு என்று பார்ப்பதால் எதுவும் விளங்காது. சென்ற மாதம் 58, அதற்கு முந்தைய மாதம் 49 என்று தெரிந்தால்தான் எங்கோ கசிவு (எடுத்த நினைவகத்தை மென்பொருள் திருப்பித் தராதது) இருக்கிறது என்று சந்தேகிக்க முடியும். செஷன் எண்ணிக்கையும் சேர்ந்தே ஏறியிருந்தால் அலுவலகம் வளர்ந்திருக்கிறது. செஷன் அப்படியே இருக்க நினைவகம் மட்டும் ஏறினால் பெட்டியை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் கோளாறு இருக்கலாம்.

இந்த ஒரு காரணத்துக்காகவே, பெட்டி நன்றாக இருக்கும் நாளின் எண்களை எழுதி வையுங்கள் என்று வற்புறுத்துகிறேன். மாதம் ஒருமுறை, வேலை மும்முரமாக நடக்கும் ஒரே நேரத்தில், வெப்பம், விசிறி வேகம், கோர்வாரியான சிபியு, நினைவகம், செஷன், போர்ட் பிழைகள். பத்து நிமிட வேலை. கண்காணிப்பு மென்பொருள் இருந்தால் எஸ்என்எம்பி (சாதனங்களின் நிலையைக் கேட்டறியும் நெறிமுறை) வழியாக அதுவே சேமித்துக்கொள்ளும். இல்லையென்றால் ஒரு நோட்டு போதும். கோளாறு வந்த நாளில் தயாரிப்பாளரின் உதவி மையம் முதலில் கேட்பதே “எப்போதிலிருந்து இப்படி?” என்பதுதான்.

போர்ட் பிழைகளைப் பார்க்கும்போது கவுண்டரைச் சுழியமாக்கிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பழைய எண் எப்போது சேர்ந்ததோ யாருக்கும் தெரியாது. சிஆர்சி பிழைகள் (வழியில் சிதைந்து வந்த தரவின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே இருந்தால் கேபிளை மாற்றுங்கள். மாற்றியும் நிற்காவிட்டால், ஒரு முனை தானியங்கி அமைப்பிலும் மறுமுனை 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (100 எம்பிபிஎஸ் வேகம், ஒரே நேரத்தில் இருவழிப் போக்கு) என்று நிலையாகவும் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கடிகாரத்தையும் பாருங்கள். மின்தடைக்குப் பிறகு தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால் உள்ளிருக்கும் நாணய வடிவ மின்கலம் ஓய்ந்துவிட்டது என்று பொருள். தேதி தவறினால் இணைப்பின் அடையாளத்தை உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழ்கள் செல்லாதவையாகும், அவற்றை நம்பியிருக்கும் விபிஎன்னும் எழாது.

ஒன்று பழுதானால் மற்றது வேலையை ஏற்கும்படி இரண்டு பெட்டிகளை ஜோடியாக வைத்திருப்பவர்கள் உறங்கும் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். திரையில் ‘ஸ்டாண்ட்பை ரெடி’ என்று எழுதியிருப்பது எனக்குப் போதாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்கூட்டியே சொல்லிவிட்டு, போக்குவரத்தை அதன் பக்கம் திருப்பி அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அதன் கேபிள்களையும் லைசென்ஸையும் அப்போதுதான் உண்மையாகச் சோதிக்கிறீர்கள்.

எவ்வளவு பார்த்தாலும் பிடிபடாத கோளாறுகளும் உண்டு. 2017-இல் இன்டெல் ஆட்டம் சி2000 சில்லின் கடிகார சமிக்ஞைப் பகுதியில் குறை இருப்பது வெளிவந்தது. சுமார் 18 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு அந்தக் குறையுள்ள பெட்டிகள் செயலிழக்கத் தொடங்கலாம், செயலிழந்தால் மீண்டும் எழாது என்று சிஸ்கோ தன் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. ஏஎஸ்ஏ 5506 அந்தப் பட்டியலில் இருந்தது. செயலிழக்கும் நிமிடம்வரை எந்த உணரியிலும் அது தெரிந்திருக்காது. தயாரிப்பாளர் வெளியிடும் இத்தகைய அறிவிப்புகளை உங்கள் மாடல் எண்ணை வைத்துத் தேடிப் படிப்பதும், கான்ஃபிகரேஷன் பேக்கப்பைப் பெட்டிக்கு வெளியே வைத்திருப்பதும்தான் இதற்கு வழி.

மூன்று ஆண்டுகள் நிற்காமல் ஓடுகிறது என்பதை நீங்கள் பெருமையாகச் சொல்லியிருப்பதாகத் தோன்றியது. எனக்கு அது கவலை தருகிறது. பெரும்பாலான ஃபர்ம்வேர் மேம்படுத்தலுக்கு மறுதொடக்கம் தேவை. ஆகவே ஆயிரம் நாளுக்கு மேல் பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் ஏறவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். முதலில் பேக்கப் எடுங்கள், பிறகு காற்று வருகிறதா என்று பாருங்கள், அதன்பின் ஆள் பக்கத்தில் இருக்கும் ஒரு விடுமுறை நாளில் மறுதொடக்கம் செய்யுங்கள். பெட்டியை நேராக ஒரு கணினியுடன் இணைக்கும் கன்சோல் கேபிளைச் செருகிவைத்து, அது எழும்போது வரும் வரிகளை முழுவதும் சேமியுங்கள். மாடல் எண்ணையும் ஃபர்ம்வேர் பதிப்பையும் கருத்துப் பகுதியில் எழுதினால், அதற்குரிய கட்டளைகளை எழுதித் தருகிறேன்.