குலிபாலி என்ற குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது? ஏன் இத்தனை பேருக்கு இருக்கிறது?

செனகல் கால்பந்து வீரர் கலிடு குலிபாலியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பெயரை 'கூலி', 'பலி' என்று பிரித்து நம் ஆட்கள் கிண்டலடிப்பதைக் கேட்டு நொந்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

இது மாலி நாட்டு பம்பாரா மக்களின் குலப்பெயர். 'ஓடம் இல்லாதவர்' என்று பொருள் சொல்வார்கள். நியா ங்கோலோ, பராமா ங்கோலோ என்ற அண்ணன் தம்பி, எதிரிகள் துரத்தி வந்தபோது ஓடமில்லாமல் நைஜர் ஆற்றைக் கடந்தார்களாம். ஒரு பெரிய மீன் முதுகில் ஏற்றிக் கரை சேர்த்ததாம். இது வரலாறு என்று நான் சொல்லவில்லை, அவர்கள் வீட்டுக் கதை. வரலாறு என்றால், 1712 வாக்கில் பிட்டன் குலிபாலி மாலியின் செகூ நகரில் அமைத்த அரசு. அந்தக் குலத்தின் இன்னொரு கிளை அதே மாலியில் கார்த்தா என்ற பகுதியை ஆண்டது. ஆண்ட குலத்தின் பெயர் பரவத்தானே செய்யும்? பக்கத்து நாடான ஐவரி கோஸ்டின் வடபகுதியில் வாழும் சேனுஃபோ மக்களுக்கு சோரோ, சிலுவே என்று சொந்தக் குலப்பெயர்கள் உண்டு. அவர்களிலும் பலர் குலிபாலிதான். 2017 முதல் 2020 வரை அந்நாட்டுப் பிரதமராக இருந்த அமடு கோன் குலிபாலி, அந்த வடபகுதி நகரமான கோரோகோவின் தலைமைக் குடும்பத்தில் பிறந்தவர்.

அந்தக் கோரோகோ பக்கம்தான் தூத்துக்குடிக்கு முந்திரிக்கொட்டை வாங்கி அனுப்பும் வேலையில் மூன்று சீசன் இருந்தேன். எங்கள் கிடங்கின் கூலிப் பட்டியலில் பதினொரு பேரில் நான்கு பேர் குலிபாலி. முதல் வாரமே, மூட்டை தூக்கும் த்ரவோரே குலத்துக்காரர் ஒருவர், குலிபாலியான எங்கள் மேஸ்திரியைப் பார்த்து "பயறு தின்னி" என்று கத்தினார். கைகலப்பாகிவிடும் என்று பயந்து நடுவில் போய் நின்றேன். இருவரும் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த இரண்டு குலங்களுக்கும் நம் மாமன் மச்சான் போல கேலி உறவு. 'சனன்குயா' என்பார்கள். கேலி செய்தால் கோபப்படக் கூடாது, ஆபத்து என்றால் உதவாமல் இருக்கக் கூடாது. "அவர்களே கிண்டல் செய்கிறார்களே, நாம் செய்தால் என்ன?" என்று கேட்பீர்கள். அந்தக் கிண்டலுக்குப் பின்னால் உறவு இருக்கிறது ஐயா. நமக்கு என்ன இருக்கிறது?

மேஸ்திரி என்னிடம், "உன் ஜாமு என்ன?" என்றார். ஜாமு என்றால் குலப்பெயர். எங்களுக்கு அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும்தான் என்றேன். விருந்தாளி பெயரில்லாமல் இருக்கலாமா என்று தன் ஜாமுவையே கொடுத்தார். மூன்று வருஷமும் அங்கே நான் குலிபாலிதான்.

இங்கே வந்தால் கதை வேறு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் என் அப்பா பெயர். வங்கிக் கணக்கில் இனிஷியல். இரண்டும் பொருந்தவில்லை என்று அங்கிருந்து வந்த என் சம்பளப் பணத்தை ஒரு வங்கி ஐந்து வாரம் நிறுத்தி வைத்தது. கவுண்டரில் இருந்த பையன் இறந்துபோன என் அப்பாவின் பெயரைச் சொல்லி, "வாங்க சார், உட்காருங்க" என்றான்.