தீக்குழிக்கு மட்டும் ஃபயர் பிரிக் போதும்

கேள்வி: கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் பார்பெக்யூ மேடை கட்ட ஆசை. கான்ட்ராக்டர் கான்கிரீட், கிரானைட் என்று பெரிய தொகை சொல்கிறார். பக்கத்து வீட்டில் அப்படிக் கட்டிய மேடை முதல் தீயிலேயே வெடித்துவிட்டது. குறைந்த செலவில் நாங்களே கட்ட முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். பக்கத்து வீட்டு மேடையைக் கெடுத்தது பெரும்பாலும் ஈரமாகத்தான் இருக்கும். கான்கிரீட் நம் ஊர் மழையையும் பனியையும் உறிஞ்சி வைத்திருக்கும். மேலே கரி கனன்றதும் அந்த நீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் பொருக்குப் பொருக்காகத் தெறிக்கும். எனவே தீ படும் குழிக்கு ஃபயர் பிரிக், அதாவது கடும் சூட்டைத் தாங்கும் செங்கல்; மற்றதெல்லாம் ஹாலோ பிளாக். செலவு அங்கேயே இறங்கிவிடும்.

உள்ளளவு இரண்டடிக்கு ஒன்றரை அடி, முக்காலடி ஆழம் என்று வைத்தால், 9 x 4½ x 3 அங்குலக் கல் 33 பிடிக்கும். உடைசலுக்கு 5 சேர்த்துக்கொள்ளுங்கள். புதிது தேவையில்லை. தேயிலை ஃபேக்டரிகளில் டிரையர் அடுப்பைப் பிரித்துக் கட்டும்போது பழைய கல்லைக் கழிப்பார்கள், விசாரியுங்கள். இரண்டைக் கையிலெடுத்துத் தட்டுங்கள். கணீரென்றால் நல்ல கல். டொக்கென்றால் உள்ளே விரிசல். அடியில் இரண்டு அங்குலம் உலர்ந்த மணல் பரப்பி, ஃபயர் கிளேயை (சூடு தாங்கும் களிமண்) குழைத்து மெல்லிய சந்தாக வையுங்கள். சிமென்ட் கலவை கூடாது. பிளாக் சுவரை ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி வேண்டும், சூட்டில் கல் விரியும்.

அடுத்தது, நான் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருப்பது. கிரில் கம்பி விற்பவர் காந்தத்தை வைத்து, "ஒட்டலை பாருங்க, 304" என்பார், அதாவது துருவைத் தாங்கும் நல்ல எவர்சில்வர் ரகம். நம்பாதீர்கள். மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, ஆனால் நம் மூடுபனியில் சீக்கிரம் துருப்பிடிக்கும். பில்லில் 304 என்று எழுதச் சொல்லுங்கள். தயங்கினால் நடையைக் கட்டுங்கள். ஜி.ஐ. வலையைத் தலையில் கட்டுவார்கள். அதன் துத்தநாகப் பூச்சு கடும் சூட்டில் நச்சுப் புகையாகும். வேண்டவே வேண்டாம். காசு போதாவிட்டால் பூச்சில்லாத இரும்புக் கம்பிக்கு எண்ணெய் தடவிப் பழக்குங்கள். கரிக்கு அரையடி மேலே இருக்கட்டும்.

அனுமதி? மலைப்பகுதியில் கூரையில்லாத மேடைக்கு அனுமதி வேண்டுமா என்று கேட்டால் மேசைக்கு மேசை வேறு பதில். என் வீட்டு வேலைக்கு நானே மூன்று முறை அலைந்தேன். சாதாரண மனிதனுக்கு ஒரு தாளில் பதில் எழுதித் தர இவ்வளவு பாடா? இந்தக் குழப்பத்தில்தான் புரோக்கர் பிழைக்கிறார். எழுத்தில் கேட்டு ரசீது வாங்குங்கள். "முடிச்சுத் தரேன்" என்பவரிடம் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கரிக்குப் பதில் காஸ் என்றால் மட்டும் கதை வேறு. சமையல் காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, மேடைக்குள் தரையோடு தேங்கும். சிலிண்டர் வைக்கும் அறையின் கீழ் வரியில், எதிரெதிர்ப் பக்கம் ஒவ்வொரு பிளாக்கை விட்டுத் திறப்பு வையுங்கள். மேலே மட்டும் வைத்துப் பயனில்லை. குளிருக்கு அதில் சாக்கைச் சொருகுபவர்களைப் பார்த்திருக்கிறேன், கூடவே கூடாது. சிலிண்டர் நிமிர்ந்தே நிற்கட்டும், தீக்குழிக்கு நேர் கீழே வேண்டாம்.

கோத்தகிரிக்கு வடகிழக்கு மழைதான் கனம், பிப்ரவரியில் தொடங்குங்கள். கட்டி மூன்று வாரம் காயவிட்டு, முதல் நாள் ஒரு கைப்பிடிச் சுள்ளி, மறுநாள் கொஞ்சம் கூட, நாலாம் நாள்தான் கரி. ஆறியதும் தகரத்தால் மூடுங்கள். மூடாமல் விட்டுக் குழியில் மழை நின்றால், மறுபடி சுள்ளியிலிருந்தே தொடங்க வேண்டும்.