நிலையான விலை ஒப்பந்தத்தோடு ஸ்கிரம் முறைக்கு மாறினால் என்ன ஆபத்து?

யாழ்ப்பாணத்தில் எட்டுப்பேர் கொண்ட மென்பொருள் குழு, நிலையான விலைக்கு எடுத்த வேலை, லண்டன் வாடிக்கையாளர் ஸ்கிரமுக்கு (வேலையைச் சிறு துண்டுகளாகக் குறுகிய சுற்றுகளில் முடித்துக் காட்டும் முறைக்கு) மாறச் சொல்கிறார், குழுவில் ஒருவருக்கும் அது பழக்கமில்லை. இதுதான் உங்கள் கேள்வி.

எட்டுப்பேர் ஸ்கிரமுக்குப் பொருத்தமான அளவுதான். அதன் விதிகளையும் ஒரு பின்னேரத்தில் படித்துவிடலாம். எனக்குப் பயமாக இருப்பது உங்கள் ஒப்பந்தம்தான். வேலைமுறையை மாற்றிவிட்டு ஒப்பந்தத்தைப் பழையபடி விட்டால், இரண்டு கிழமைக்கொரு தடவை புதுத் தேவைகள் உள்ளே வரும், விலை அப்படியே நிற்கும், கடைசியில் பழைய தேவைப் பட்டியலை வைத்துத்தான் வேலையை ஏற்பதா இல்லையா என்று பார்ப்பார்கள். கொடுப்பனவுத் தவணைகளையும் பாருங்கள். "வடிவமைப்பு ஆவணம் ஒப்புதலானதும் 30%" என்று இருந்தால், ஸ்கிரமில் அப்படியொரு முழு ஆவணம் பெரும்பாலும் உருவாகாது. வேலை நடந்துகொண்டிருக்கும், காசு வராது. ஆகவே தொடங்கமுன் இரண்டில் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள்: ஸ்பிரிண்டுக்கு (இரண்டு கிழமைச் சுற்றுக்கு) இவ்வளவு என்ற கொடுப்பனவு, அல்லது புதிதாக ஒன்று வந்தால் இன்னும் தொடங்காத, அதே அளவு வேலையொன்று வெளியே போகும் என்ற நிபந்தனை.

பெரிய இடங்களும் இதில் அடிபட்டிருக்கின்றன. பிரித்தானியாவின் யூனிவர்சல் கிரெடிட் உதவித்தொகைத் திட்டத்தை அந்நாட்டின் வேலை, ஓய்வூதியத் திணைக்களம் தனக்குப் பழக்கமில்லாத அஜைல் முறையில் (ஸ்கிரமும் இதில் ஒரு வகை) தொடங்கியது. இருந்த ஒப்பந்தங்களோடும் கண்காணிப்பு முறைகளோடும் அதைப் பொருத்துவதில் சிக்கல் வந்ததாக 2013 செப்டெம்பரில் தேசிய கணக்காய்வு அலுவலகம் அறிக்கையிட்டது. 3 கோடி 40 இலட்சம் பவுண் பெறுமதியான மென்பொருள் வேலை அதற்குள் கைவிடப்பட்டிருந்தது. வேலைமுறை மட்டும் அதற்குக் காரணமல்ல, நிர்வாகக் குறைகளும் இருந்தன.

அடுத்தது புரொடக்ட் ஓனர், அதாவது எதை முதலில் செய்வது என்று முடிவெடுப்பவர். வாடிக்கையாளர் பக்கத்தில் முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒரே ஆளின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். கேள்விக்கு ஒரு வேலைநாளுக்குள் பதில் தரவேண்டும் என்றும் எழுதுங்கள். பதில் பிந்தினால் மென்பொருள் எழுதுகிற ஆள் ஊகித்துத்தான் எழுதுவார், அந்த ஊகம் பிழைத்தால் முழு ஸ்பிரிண்டும் வீண். லண்டனில் காலை 9.30 என்றால் இங்கே கோடையில் பிற்பகல் 2 மணி, குளிர்காலத்தில் 3 மணி. சேர்ந்து கதைக்கக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். தினசரி 15 நிமிடக் கூட்டத்தைக் காலையில் உங்களுக்குள் வையுங்கள். வாடிக்கையாளரை அதில் இருத்தினால் ஒவ்வொருவரும் அவருக்கு அறிக்கை வாசிப்பார்கள், எங்கே தடங்கல் என்பதை ஒருவரும் வாய்திறந்து சொல்லமாட்டார்கள்.

புதுக் குழுக்கள் அதிகம் சறுக்குவது "முடிந்தது" என்ற இடத்தில். சோதனையைக் கடைசி இரண்டு நாளுக்குத் தள்ளுவார்கள். பிழைகள் அடுத்த ஸ்பிரிண்டுக்குப் போகும், மூன்றாவதில் புது வேலைக்கே இடமிருக்காது. ஒரு வேலை முடிந்தது என்றால், எழுதிய நிரலை (கோட்) இன்னொருவர் பார்த்திருக்க வேண்டும், சோதனைகள் ஓடியிருக்க வேண்டும், சோதனைச் சேர்வரில் ஏறியிருக்க வேண்டும், புரொடக்ட் ஓனர் பார்த்திருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்த வேலைக்குப் புள்ளி பூச்சியம். 80% முடிந்தது என்று ஒரு கணக்கே வைக்காதீர்கள்.

முதல் மூன்று ஸ்பிரிண்டின் வேகத்தை வைத்து எவருக்கும் திகதி சொல்லவும் வேண்டாம். ஸ்டோரி பொயின்டை (வேலையின் அளவை மதிப்பிடும் புள்ளியை) மணித்தியாலமாக்கி ஆட்களை ஒப்பிடத் தொடங்கினால், எல்லோரும் மதிப்பீட்டைக் கூட்டிப் போடுவார்கள்.

இதே நேரத்தில் சோதனையை முதலில் எழுதும் முறை, இருவர் சேர்ந்து கோட் எழுதுவது, புது கிட் (கோட் பதிப்புகளைச் சேமிக்கும் கருவி) ஒழுங்கு எல்லாவற்றையும் சேர்த்து இறக்கவேண்டாம். சறுக்கினால் எதனால் சறுக்கியது என்றே தெரியாது. சோதனையே இல்லாத பழைய நிரலில், கைவைக்கப்போகும் பகுதிக்கு மட்டும் அது இப்போது நடந்துகொள்கிற விதத்தைப் பிடித்துவைக்கும் சோதனைகளை எழுதுங்கள், போதும்.

முடிந்தால் இந்தப் பெரிய வேலையில் தொடங்காமல், ஆறு கிழமைச் சின்ன வேலையொன்றில் மூன்று ஸ்பிரிண்ட் ஓட்டிப் பாருங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளுக்குள் அது விழாமல் பாருங்கள், லீவு கூடினால் எந்த அளவீடும் பொய்யாகும். கையளித்தபின் வந்த பிழைகள் எத்தனை, கேட்ட நாளிலிருந்து பாவனைக்கு வர எத்தனை நாள் என்ற இரண்டையும் இப்போதே குறித்துவையுங்கள். எந்த நிலையில் பழைய முறைக்குத் திரும்புவது என்பதையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

ஒப்பந்தத்தைத் திருத்த வாடிக்கையாளர் சம்மதிக்காவிட்டால் பழைய முறையிலேயே நில்லுங்கள். இரண்டு கிழமைக்கொரு தடவை ஓடுகிற மென்பொருளைத் திறந்து காட்டுவதாகச் சொல்லுங்கள். அதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வரியும் மாற்றத் தேவையில்லை.