களாச்செடியில் உயிர்வேலி: ஆட்டையும் தடுக்கணும், காயும் வேணும்

கேள்வி: எங்கள் மேட்டுநிலத் தோட்டத்தில் ஆடுகள் புகுந்துவிடுகின்றன. கம்பிவேலிக்குப் பதிலாகக் களாச்செடியை நெருக்கமாக வைக்கலாம் என்று இருக்கிறோம். விதை போட்டே வளர்க்கலாமா? ஊறுகாய்க்குக் காயும் கிடைக்குமா?

பதில்: தாராளமாக வைக்கலாம். காட்டிலும் கரட்டிலும் தானாக வளர்கிற செடி இது. சரளை மண், வெயில், வறட்சி எதையும் தாங்கும். தண்ணீர் தேங்கினால் மட்டும் தாங்காது. அதனால் பள்ளமான பக்கத்தில் கரை எடுத்து அதன்மேல் நடுங்கள்.

விதையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். களா விதையை எடுத்து வைத்து, மழை வரட்டும் என்று காத்திருந்தால் முளைப்புத் திறன் போய்விடும். ஆனி, ஆடியில் நன்றாகக் கறுத்த பழமாக வாங்கி, பிசைந்து, சதை போக அலசி, நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி உடனே பைகளில் ஊன்றிவிடுங்கள். குச்சி நட்டு வளர்ப்பது கடினம், எளிதில் வேர் பிடிக்காது. ஆரம்பத்தில் நாற்று மிக மெதுவாகத்தான் வளரும். ஒரு வருடம் பையிலேயே வைத்திருந்து, அடுத்த ஐப்பசி மழையில் நடுவது நல்லது.

வேலிக்கு இரண்டடிக்கு ஒரு செடி. நூறு அடி நீளத்துக்கு ஏறக்குறைய 50 செடி வரும். எல்லைக் கோட்டிலேயே நடாமல் மூன்றடி உள்ளே தள்ளி நடுங்கள். புதர் இரண்டு பக்கமும் விரியும், அப்புறம் பக்கத்துக் காட்டுக்காரரோடு மனத்தாங்கல் வேண்டாம். இளந்துளிரை ஆடு கடிக்கும். முதல் இரண்டு வருடம் வெளிப்பக்கம் முள் வெட்டி அடைத்துத்தான் ஆக வேண்டும். வேலி என்று நம்புவதற்கு மூன்று, நான்கு வருடமாவது ஆகும்.

செடி இரண்டடி உயரம் வந்ததும் ஓரடியில் வெட்டிவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் வெட்டாத செடி மேலே குடையாக விரிந்து, அடியில் ஆட்டுக்குட்டி நுழைகிற அளவுக்குச் சந்து விட்டுவிடும். வெட்டினால் அடியிலிருந்தே கிளைத்து, முள்ளோடு முள் பின்னிக்கொள்ளும்.

இனி காய். களா, கிளை நுனியில்தான் பூக்கும். நுனியை அடிக்கடி வெட்டிச் சீராக வைத்தால் வேலி அழகாக இருக்கும், காய் இருக்காது. அதனால் கவாத்தை ஆண்டுக்கு ஒருமுறை, பறிப்பு முடிந்த ஆவணியில் மட்டும் செய்யுங்கள். மாசி, பங்குனிப் பூவுக்குள் புதுத்துளிர் வந்துவிடும். நானாக இருந்தால், இதோடு நாலைந்து செடிகளைத் தோட்டத்தின் மூலையில் எட்டடி இடைவெளியில் தனியாக வைத்து, கத்தியே படாமல் விடுவேன். வீட்டு ஊறுகாய்க்கு அதுவே போதும்.

வெட்டும்போதும் பறிக்கும்போதும் பால் வடியும். அரளியின் குடும்பம் அல்லவா! காய் உண்ணத் தக்கதே, ஆனாலும் பால் கண்ணில் படக் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் ஓடுகிற நடைபாதை ஓரத்தில் வைக்காதீர்கள், முள் ஆழமாக ஏறும்.

ஊறுகாய்க்கு விதை முற்றுவதற்கு முன் பச்சையாகவே பறித்து, கீறி, உப்புத் தண்ணீரில் போட்டு அலசினால் பிசின் போய்விடும். பழுத்ததில் பெக்டின் நிறைய இருப்பதால் ஜாம் நன்றாக இறுகும். பேக்கரியில் கேக்மேல் வைக்கிற சிவப்புச் செர்ரி பல இடங்களில் சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயம் ஏற்றிய களாக்காய்தான்.