தோட்டத்து நாய்க்கு மூட்டு வலி: மஞ்சள், பிரண்டை, ஆட்டுக்கால் சூப்பு குடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர் சார்ங்க. பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு வெச்சிருக்கோம். காவலுக்கு ஒரு கோம்பை கலப்பு நாய், பேரு மணி, 9 வயசு ஆகுது. முன்னெல்லாம் காட்டுப்பன்னி வந்தா தோப்போட கடைசி வரைக்கும் விரட்டிட்டு வருவான், இப்ப ரெண்டு மாசமா காலைல எந்திரிக்கவே கஷ்டப்படறான், பின்னங்கால் விறைச்ச மாதிரி பத்து எட்டு வெச்சு அப்புறந்தான் சரியா நடக்கறான். டிவிஎஸ் வண்டில ஏற மாட்டேங்கறான். வலது முட்டிய நக்கிட்டே இருக்கான். அம்மா மஞ்சள் பால் குடு, பிரண்டை துவையல் குடு, ஆட்டுக்கால் சூப்பு குடுன்னு சொல்றாங்க. பக்கத்து தோட்டத்து அண்ணன் மனுசங்க போடற மூட்டு வலி மாத்திரைல பாதி போதும்னாரு, ரெண்டு நாளா குடுக்கறோம், கொஞ்சம் நல்லா நடக்கறான். தேங்காய் தராசுல எடை போட்டதுல 29 கிலோ. இயற்கை முறைல என்ன பண்ணலாம்ங்க?

பதில்: வணக்கங்ணா. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், முதல்ல அந்த மாத்திரைய இன்னைக்கே நிறுத்துங்க. டைக்ளோபெனாக், இபுபுரூபன் மாதிரி நமக்கு போடற வலி மாத்திரைங்க நாய் உடம்புக்கு ஆகவே ஆகாது, வயித்துல புண்ணு விழும், கிட்னி போகும், பாதி மாத்திரைதானேன்னு நினைக்கக் கூடாது. நல்லா நடக்கறான்னு சொல்றீங்க இல்ல, அதுதான் இதுல இருக்கற ஆபத்து, மேல வலி குறைஞ்ச மாதிரி தெரியும், உள்ள வயிறு அரிச்சிட்டு இருக்கும். எங்கிட்ட இப்படி ஒரு தோட்டத்து நாய கொண்டு வந்தாங்க, பத்து நாள் மாத்திரை குடுத்திருந்தாங்க, வெளிக்கி தார் மாதிரி கருப்பா போயிட்டு இருந்துச்சு, ஈறு வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்துப் போச்சு, ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தியும் காப்பாத்த முடியல. அந்த வீட்டுக்காரங்க அந்த நாய் மேல உசிரா இருந்தவங்க, நல்லதுன்னு நினைச்சுதான் குடுத்தாங்க. அதனால மணிக்கு வாந்தி, சாப்பாடு வேண்டாங்கறது, கருப்பு வெளிக்கி இதுல எது இருந்தாலும் நாளைக்குன்னு தள்ளாம இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க, மாத்திரை அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க. ஏன்னா நாய்க்கு ஆகற வலி மருந்து, மெலாக்சிகாம் மாதிரி, எடை பாத்து அவங்க எழுதுவாங்க, ஆனா நீங்க குடுத்த மாத்திரை உடம்புல இருக்கறப்பவே அதையும் போட்டா ரெண்டும் சேந்து கெடுக்கும், நடுவுல சில நாள் இடைவெளி விடணும். மறைக்காம சொல்லிடுங்க, யாரும் உங்கள திட்ட மாட்டாங்க.

அடுத்து, இது மூட்டுத் தேய்மானம்தானான்னு பாக்கணும். 9 வயசு, காலைல விறைப்பு, நடக்க நடக்க சரியாகறது, வண்டில ஏறாதது, ஒரே முட்டிய நக்கறது, எல்லாம் சேத்துப் பாத்தா தேய்மானம்னுதான் எனக்கும் தோணுது. ஆனா நம்ம ஊர்ல நாய் நொண்டுச்சுன்னா நான் முதல்ல உண்ணியத்தான் பாப்பேன். உண்ணிக் காய்ச்சல் மூட்டையெல்லாம் வீங்க வெக்கும், இன்னைக்கு இந்தக் காலு நாளைக்கு அந்தக் காலுன்னு நொண்டும், கூடவே காய்ச்சல், சாப்பாட்டுல மனசில்லாம இருக்கறது, சிலதுக்கு மூக்குல ரத்தம். விரலிடுக்கு, காது மடலுக்கு உள்ள, வாலுக்கு அடில விரலை விட்டு தடவிப் பாருங்க. ஒரு உண்ணி தட்டுப்பட்டாலும் ரத்தத்த எடுத்து, ரத்தம் உறைய வெக்கற தட்டணுக்கள் எண்ணிக்கை பாக்கச் சொல்லுங்க. அது உண்ணிக் காய்ச்சலா இருந்துச்சுன்னா எவ்வளவு மஞ்சள் குடுத்தாலும் தீராது, டாக்ஸிசைக்ளின்ங்கற கிருமி மருந்து சாதாரணமா நாலு வாரம் குடுப்பாங்க, ஒரு வாரத்துல நல்லா ஆயிட்டான்னு பாதில நிறுத்திடக் கூடாது.

வீட்டுல நீங்களே ஒண்ணு பண்ணிப் பாருங்க. மணிய ஒரு பக்கமா படுக்க வெச்சு, ஒருத்தர் தலைய தடவிக் குடுத்துட்டு இருக்கட்டும். நீங்க ஒரு கைய முட்டி மேல மெதுவா வெச்சு, இன்னொரு கையால கணுக்காலைப் புடிச்சு பையப் பைய மடக்கி நீட்டுங்க. தேய்ஞ்ச மூட்டுன்னா கைக்கு அடில மணல அரைக்கற மாதிரி நறநறன்னு தெரியும், ஒரு அளவுக்கு மேல மடங்காது. காதைப் பின்னால இழுத்தாலோ திரும்பி உங்க கைய நக்குனாலோ வலிக்குதுன்னு அர்த்தம், அதோட விட்டுருங்க. அப்புறம் ஒரு சணல் கயித்தால ரெண்டு பின்னந்தொடையும் சுத்தி அளந்து பாருங்க, வலது தொடை சின்னதா இருந்தா அந்தக் காலுக்கு ரொம்ப நாளாவே பாரம் குடுக்காம நடந்துட்டு இருக்கான்னு தெரிஞ்சுக்கலாம். திடீர்னு ஒரு நாள்ல நொண்ட ஆரம்பிச்சிருந்தா முட்டி ஜவ்வு அறுந்திருக்கலாம், அதுக்கு எக்ஸ்ரேயும் ஆபரேசனும் தேவைப்படும். உங்களுக்கு உடுமலை கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம், அங்க விசாரிங்க, இல்லைன்னா நாமக்கல் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க.

சரி, இயற்கை வைத்தியம். இதுல நான் முதல்ல வெக்கறது மூலிகை எதுவும் இல்லங்ணா, எடை. கோம்பை கலப்புக்கு 29 கிலோ அதிகம், 23, 24 இருந்தா போதும். விலா எலும்பு மேல கைய வெச்சுத் தடவுனா எலும்பு ஒவ்வொண்ணும் தனித்தனியா தட்டுப்படணும், அமுத்தித் தேடற மாதிரி இருக்கக் கூடாது. மூட்டு வலி இருக்கற குண்டு நாய்ங்க உடம்பு எடைல 6 சதவீதம் குறைஞ்சதுமே நொண்டறது கண்ணுக்குத் தெரியற அளவுக்குக் குறைஞ்சிருக்கு, மணிக்கு அது ரெண்டு கிலோவுக்கும் கம்மிதான். அமெரிக்காவுல 48 லாப்ரடார் நாய்ங்கள குட்டில இருந்து சாகற வரைக்கும் வெச்சுப் பாத்தாங்க, அதுல பாதி நாய்ங்களுக்கு கால் பங்கு சாப்பாடு கம்மியாக் குடுத்தாங்க, 2002ல முடிவ வெளியிட்டாங்க. கம்மியா சாப்பிட்டதுங்க கிட்டத்தட்ட ரெண்டு வருசம் கூட வாழ்ந்துச்சு, மூட்டு வியாதியும் ரொம்பத் தள்ளித்தான் வந்துச்சு. இவ்வளவு பலன் குடுக்கற மருந்து எதையும் நான் பாத்ததில்ல. அதனால சோத்த கால் பங்கு குறைங்க, அந்த இடத்துல வேகவெச்ச பூசணி, ஒரு முட்டை போடுங்க, டீக்கடைல ஆளாளுக்கு போடற பிஸ்கட்ட அடியோட நிறுத்துங்க. அந்தத் தேங்காய் தராசுல வாரா வாரம் எடை போட்டு எழுதி வெச்சுட்டு வாங்க, வாரத்துக்கு கால் கிலோ குறைஞ்சா சரியான வேகம்.

அடுத்து மீன். மூட்டு வீக்கத்துக்கு சாப்பாட்டு வழில குடுக்கறதுல நல்ல ஆதாரம் இருக்கறது மீன் எண்ணெய்ல இருக்கற ஒமேகா-3க்குத்தான். நம்ம மத்தி மீன்லயே அது நிறைய இருக்கு, 100 கிராம்ல ஒரு கிராமுக்கு மேலயே வரும். உப்பு, மொளகா எதுவும் போடாம குக்கர்ல நடு முள்ளு நசுங்கற அளவுக்கு வேக விட்டு, வாரத்துக்கு மூணு தடவை 50 கிராம் சோத்துல பிசைஞ்சு குடுங்க. கருவாடு வேண்டாம், உப்பு. மாத்திரையா வாங்கறீங்கன்னா அட்டை பின்னால இபிஏ, டிஹெச்ஏ-ங்கற ரெண்டு ஒமேகா-3 எவ்வளவுன்னு பாருங்க, சாதாரண 1000 மில்லிகிராம் மாத்திரைல ரெண்டும் சேந்து 300தான் இருக்கும். மணிக்கு ஒண்ணுல ஆரம்பிச்சு மூணு வாரத்துல நாலு வரைக்கும் கொண்டு போலாம், வெளிக்கி இளகுச்சுன்னா ஒண்ணு குறைச்சுக்கோங்க. பலன் தெரிய ஆறு எட்டு வாரம் ஆகும், நாலு நாள்ல ஒண்ணும் ஆகலன்னு விட்டுடாதீங்க. மீன் ஈரல் எண்ணெய் வேற, அத வாங்கிடாதீங்க, அதுல இருக்கற வைட்டமின் ஏ-யும் டி-யும் அளவு மீறிப் போயிடும்.

அம்மா சொன்ன மஞ்சள் கெடுதல் இல்ல, ஆனா பெருசா எதிர்பாக்காதீங்க. நம்ம ஈரோட்டு மஞ்சள்லயே குர்குமின்ங்கற மருந்துச் சத்து நூத்துக்கு மூணு பங்கு அளவுலதான் இருக்கு, அதுவும் குடல்ல சரியா ஏறாது. 2003ல இங்கிலாந்துல மூட்டு வலி இருக்கற நாய்ங்களுக்கு மஞ்சள் சாறு மாத்திரை குடுத்து, வலிக்கற கால் மேல எவ்வளவு பாரம் வெக்குதுன்னு மெசின்லயே அளந்து பாத்தாங்க, மருந்தே இல்லாத டம்மி மாத்திரைக்கும் அதுக்கும் அந்த அளவுல வித்தியாசம் தெரியல. குடுக்கணும்னு ஆசைப்பட்டா கால் ஸ்பூன் மஞ்சத்தூள், ஒரு சிட்டிகை மிளகுத்தூள், அரை ஸ்பூன் தேங்காண்ணெய், லேசா சூடு பண்ணி சோத்துல கலந்துருங்க. பால்ல வேண்டாம், வயசான நாய்ங்க பல பேருக்கு பால் வயித்தால போகும். பித்தப்பைக் கோளாறு இருந்தாலோ, ஆபரேசன் வரப் போகுதுன்னாலோ மஞ்சளே வேண்டாம்.

பிரண்டைத் துவையல் குடுக்கவே கூடாது. அதுல புளி இருக்கும், பூண்டு இருக்கும், ரெண்டும் நாய்க்கு ஆகாது. புளில இருக்கற டார்டாரிக் அமிலம் நாயோட கிட்னிய கெடுக்கும்னு இப்ப டாக்டருங்க பயப்படறாங்க, திராட்சை குடுக்கக் கூடாதுங்கறதும் அதனாலதான். புளி சேக்காம பச்சையா அரைச்சுக் குடுத்தா நமக்கு நாக்கு அரிக்கற மாதிரிதான் அதுக்கும் வாய் அரிக்கும், பாவம் அதால சொல்ல முடியாது. முடக்கத்தான் கீரை ஒரு கைப்பிடி வேகவெச்சு எப்பவாவது சோத்துல போட்டா தப்பில்ல, ஆனா அதோட பேரைப் பாத்துட்டு மருந்துன்னு நம்பி இருந்துடாதீங்க.

ஆட்டுக்கால் சூப்பு, வெங்காயம், பூண்டு, உப்பு மூணும் இல்லாம தண்ணில கொதிக்க வெச்சு, ஆறுனதும் மேல படியற கொழுப்ப எடுத்துட்டு ஒரு டம்ளர் குடுங்க, நல்லா சாப்பிடுவான். தேய்ஞ்ச மூட்டை அது திரும்ப வளத்துடாது. எலும்ப மட்டும் போடாதீங்க, வெந்த எலும்பு ஊசி மாதிரி உடைஞ்சு குடல்ல குத்தும். மூட்டுக்குன்னு கடைல விக்கற குளுக்கோசமைன் மாத்திரை பத்தி நிறைய பேரு கேக்கறாங்க, ஆராய்ச்சி முடிவெல்லாம் ரெண்டு மாதிரியும் வருது, கெடுதல் இல்ல, ஆனா காசு கம்மியா இருந்தா அந்தக் காச மத்தி மீனுக்கு போடுங்கன்னுதான் நான் சொல்லுவேன். ஷல்லகி, அதாவது பறங்கிச் சாம்பிராணி மரத்துப் பிசின், அதுக்கு கொஞ்சம் நல்ல பேரு இருக்கு. 2004ல சுவிட்சர்லாந்து கால்நடை இதழ்ல வந்த ஆய்வுல 29 நாய்ங்களுக்கு 10 கிலோவுக்கு 400 மில்லிகிராம் வீதம் ஆறு வாரம் குடுத்தாங்க, ரெண்டாவது வாரத்துலயே பல நாய்ங்களுக்கு நொண்டறது குறைஞ்சுச்சு. ஆனா அதுல டம்மி மாத்திரை குடுத்து ஒப்பிட்டுப் பாக்கல. டாக்டர்கிட்ட கேட்டுட்டு கேப்சூலா வாங்கிக் குடுங்க, பூஜைக்கு வாங்கற சாம்பிராணிய குடுத்துடாதீங்க.

வெளிய பூசறது பத்தி நீங்க கேக்கல, ஆனா நானே சொல்லிடறேன். மாட்டு மடி நோய்க்கு கத்தாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைச்சு தடவறோம்ல, அதே மாதிரி நாய்க்காலுக்கும் தடவறாங்க. மாடு மடிய நக்காது, நாய் அஞ்சே நிமிசத்துல நக்கித் தின்னுடும், சுண்ணாம்பு வாய சுட்டுடும், கத்தாழை மஞ்சப்பால் பேதியாகும். கற்பூரம் போட்ட தேங்காண்ணெய், தலைவலி தைலம் இதெல்லாம் இன்னும் மோசம், நாய்க்கு விசம். அதுக்கு பதிலா கல்லுப்ப வறுத்து துணில கட்டி ஒத்தடம் குடுங்க, உங்க மணிக்கட்டு உள்பக்கம் வெச்சுப் பாத்து சுடாம இதமா இருக்கணும், ஒரு தடவைக்கு பத்து நிமிசம், காலைல எந்திரிச்சதும் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மூட்டே சூடா வீங்கி இருந்தா ஒத்தடம் வேண்டாம்.

அப்புறம் மணி எங்க படுக்கறான்னு பாருங்க. களத்து சிமெண்டுலயோ வீட்டு டைல்ஸ்லயோ படுத்தா பனிக்காலத்துல எந்த வைத்தியமும் நிக்காது. சாக்குல வைக்கோல் திணிச்சு முழங்கை அழுந்தாத அளவுக்கு தடிமனா ஒரு படுக்கை போட்டுக் குடுங்க, வழுக்கற இடத்துல தென்னைநார் மிதியடி போடுங்க, நகத்த வெட்டி விடுங்க, நகம் நீண்டா கால் வழுக்கும். கட்டியே போட்டுடாதீங்க, சதை இன்னும் கரைஞ்சிடும். ஒரே மூச்சுல தோப்பு முழுக்க சுத்தாம பதினஞ்சு நிமிசம் வீதம் மூணு வேளை கயித்துல புடிச்சு நடத்துங்க, வண்டில தாவ விடாதீங்க, தூக்கி வெச்சு தூக்கி இறக்குங்க. காட்டுப்பன்னி விரட்டறதுக்கு இனிமே வேற ஒரு இளசு நாய பழக்குங்க, மணி கூட நின்னு குரைக்கட்டும்.

ரத்தப் பரிசோதனை எடுத்திருந்தா தட்டணு எண்ணிக்கையும், ஒரு மாசத்து எடைக் கணக்கையும், காலைல எந்திரிச்சு முதல் பத்து எட்டு நடக்கற வீடியோவையும் அனுப்புங்க, வலி மருந்து தினமும் தேவையா இல்ல பனிக்காலத்துக்கு மட்டும் போதுமான்னு அதப் பாத்துதான் சொல்ல முடியும்.