வாசகர் கேள்வி – பதில்: குறை ஓட்டில் இல்லை, ஆணியில்

கேள்வி: கிழக்கு லண்டனில் 1890களில் கட்டிய வரிசை வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். மெல்லிய தகடாகப் பிளந்த கல்லை ஓடாகப் போட்ட சிலேட்டுக் கூரை. பலத்த காற்று அடித்தால் இரண்டு மூன்று ஓடுகள் வழுக்கி விழுகின்றன. பார்க்க வந்த கூரைக்காரர், கல் பழசாகிவிட்டது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு கான்கிரீட் ஓடு போடலாம் என்கிறார். செய்யலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். விழுந்ததில் உடையாத ஓடு ஒன்றை ஒரு முனையில் பிடித்துத் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் கல் நன்றாக இருக்கிறது. மொத்தென்று கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்துவிட்டது. சந்தேகம் தீராவிட்டால் பாதி உயரம் தண்ணீரில் மூழ்கும்படி ஒரு நாள் நிறுத்தி வையுங்கள். ஈரம் தண்ணீர் மட்டத்துக்கு மேல் அதிகம் ஏறாவிட்டால் நல்ல கல்.

அந்தக் காலத்து லண்டன் கூரைகளில் பெரும்பாலும் இருப்பது வடக்கு வேல்ஸ் கல். நூறு ஆண்டைத் தாண்டியும் உழைக்கும். அதைப் பிடித்திருக்கும் இரும்பு ஆணிதான் துருப்பிடித்து அற்றுப்போகிறது.

அங்கொன்றும் இங்கொன்றுமாக வழுக்கினால் அவற்றை மட்டும் மாற்றினால் போதும். ஒரே சரிவில் ஆண்டுதோறும் நிறைய விழுந்தால், அந்தப் பக்கத்து ஆணிகள் எல்லாமே முடிந்துவிட்டன என்று பொருள்; ஒட்டுப்போட்டுக் கட்டாது. அப்போதும் கல்லை வீசிவிடாதீர்கள். ஓடுகளை இறக்கி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களைப் புதிதாக அடித்து, செம்பு ஆணியால் அதே ஓடுகளைத் திரும்ப அடிக்கலாம். குறைவதற்கு அதே அளவுப் பழைய கல் வாங்கிச் சேர்க்கலாம். தடித்த ஓடுகள் இறவாரத்துக்கு, மெலிந்தவை முகட்டுக்கு. ஆணியை இறுக அடிக்கவே கூடாது. ஓடு ஆணியில் தொங்க வேண்டும்; இறுக்கினால் துளையருகே விரிசல் விடும்.

கான்கிரீட் ஓட்டை நாங்கள் ஏற்கமாட்டோம். சிலேட்டு சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோ. கான்கிரீட் பெரும்பாலும் 45 கிலோவுக்கு மேல். அந்தச் சுமைக்காகச் செய்யப்படாத பழைய கைமரங்கள் வளைந்து, சுவரை வெளியே தள்ளும்.

கேள்வி: கூரையின் நடுவே ஒரே ஒரு ஓடு உடைந்திருக்கிறது. மேலே உள்ளவற்றைக் கழற்றாமல் மாற்ற முடியுமா?

பதில்: முடியும். ஆனால் புது ஓட்டுக்கு ஆணி அடிக்க இடம் கிடைக்காது. 500 × 250 மி.மீ. ஓட்டில் வெளியே தெரிவது 205 மி.மீ. அளவுதான். மூன்றாம் வரிசை முதல் வரிசையின் மேலும் 90 மி.மீ. ஏறி நிற்கும். ஆணித் துளைகள் மேல் ஓடுகள் மூடிய பகுதிக்குள் இருக்கின்றன.

முனையில் கொக்கி உள்ள நீண்ட தட்டை இரும்பு இதற்கென்றே விற்கிறது. அதை உடைந்த ஓட்டின் அடியில் செலுத்தி, ஆணியில் கொக்கியை மாட்டி, கைப்பிடியைச் சுத்தியலால் கீழ்நோக்கி அடித்தால் ஆணி அறும். இரண்டு ஆணிகளையும் அப்படி எடுத்துவிட்டுத் துண்டுகளை உருவுங்கள். இப்போது கீழ் வரிசையின் இரண்டு ஓடுகளுக்கு இடையிலான சந்து தெரியும். அதன் வழியே ரீப்பரில் 25 மி.மீ. அகலச் செம்புப் பட்டை ஒன்றை ஆணியடியுங்கள். பட்டையின் நுனி, புது ஓட்டின் கீழ்விளிம்பு வரும் இடத்தைத் தாண்டி 50 மி.மீ. நீண்டிருக்கட்டும். புது ஓட்டை மேலே தள்ளி, வரிசையோடு சமன்செய்து, நுனியை இரட்டையாக மடித்து ஓட்டின் விளிம்பில் கொக்கிபோல் ஏற்றிவிடுங்கள். ஈயப் பட்டை மலிவுதான். ஆனால் சரியும் பனி அதை நிமிர்த்திவிடும்.

ஓட்டை வெட்டும்போது பின்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். சில்லு பெயர்ந்த சாய்விளிம்பு முன்பக்கம் வரும். பதிக்கும்போது அதுவே மேலே இருக்க வேண்டும். கூரையில் ஓட்டை மிதிக்காதீர்கள். முகட்டில் கொக்கி மாட்டும் கூரை ஏணி இல்லாமல் ஏறவே வேண்டாம்.

கேள்வி: கூரையின் உள்பக்கம் ஃபோம் (இறுகும் நுரை) அடித்தால் ஓடு நகராது என்கிறார்களே?

பதில்: வேண்டாம். பழைய கூரை ஓடுகளின் இடுக்கு வழியே மூச்சுவிட்டு ஈரத்தை உலர்த்துகிறது. ஃபோம் அதை அடைத்தால் கைமரம் கண்ணுக்குத் தெரியாமல் உளுத்துப்போகும். ஒட்டிக்கொண்ட கல்லும் மறுபடி உதவாது. வெளியே தார் பூசுவதும் இதே கேடுதான். பாசியை மரக் கரண்டியால் சுரண்டி எடுங்கள். அழுத்த நீர் பீய்ச்சினால் தண்ணீர் ஓட்டின் அடியில் ஏறும்.

கேள்வி: இங்கிலாந்து முழுக்க வேல்ஸ் கல் எப்படிப் பரவியது?

பதில்: கடல்வழியே கொண்டுசெல்லும் சிலேட்டுக்கு இருந்த வரி 1831இல் நீங்கியது. 1836இல் ஃபெஸ்டினியோக் ரயில்பாதை, மலைக் குவாரிகளின் கல்லைப் போர்த்மாடோக் துறைமுகத்துக்கு இறக்கத் தொடங்கியது. அங்கிருந்து கப்பல். நம் முன்னோர் பள்ளியில் எழுதிய சிலேட்டுப் பலகையும் இதே வகைக் கல்தான். வடக்கு வேல்ஸின் பெத்தெஸ்டா ஊரிலுள்ள பென்ரின் சிலேட்டுக் குவாரியில் 1900 முதல் 1903 வரை தொழிலாளர் நடத்திய போராட்டம் பிரிட்டனின் மிக நீண்ட தொழில் தகராறுகளுள் ஒன்று. அவர்கள் பிளந்த கல்லைக் குப்பையில் போடுவதற்குமுன் இதை நினைக்கலாம். வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பை 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஓட்டின் அளவுகளுக்குப் பிரபுக்குலப் பெண்களின் பட்டங்களே பெயர்: டச்சஸ் 24 × 12 அங்குலம், கவுண்டஸ் 20 × 10, லேடி 16 × 8. பழைய கல் வாங்கப் போகும்போது உங்கள் ஓட்டின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அளந்து, உடைந்த துண்டு ஒன்றையும் நிறம் ஒத்துப்பார்க்கக் கையோடு கொண்டுபோங்கள்.